குறிப்பு எனும் கட்டம்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே
சாக்கோட்டை ஸ்டேஷனுக்குத் துப்பாக்கிகள் வர ஆரம்பிக்கும்.
பேங்க் வாட்ச்மேனின் ஒற்றைக்குழல்.
காட்டுப்பன்றிக்கென்று லைசென்ஸ் வாங்கி
ஒரு பன்றியையும் பார்க்காத நாட்டுத் துப்பாக்கி.
செத்துப்போன மேஜரின் ரைஃபிள், இன்னும் மகன் பேருக்கு மாறாதது.
சீட்டுக் கட்டி, நம்பர் எழுதி,
பீரோவில் வைத்துப் பூட்டுவது ரைட்டர் வேலை.
ரைட்டர் நான்.

நீளத் துப்பாக்கியைத் தெருவுக்கே தெரியும்.
சைக்கிளில் குடை மாதிரி வரும்,
டீ குடித்துவிட்டு வரும்.
குட்டைத் துப்பாக்கி அப்படியில்லை.

புதுவயல் ரைஸ் மில் வயிரவன்
கதவோரம் வந்து நின்றார்.
"அந்தத் தம்பி போகட்டும்."
பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த பையன் போகும்வரை
ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு சட்டையைத் தூக்கி
வேட்டிமேல் கட்டிய பெல்ட்டில்
பணப்பைக்கு அடுத்த பையைத் திறந்து
ரிவால்வரை என் மேஜையில் வைத்தார்.
தொட்டேன். சூடாக இருந்தது.
உடம்புச் சூடு.

பதினோரு வருடமாக அறந்தாங்கிக்கு வசூலுக்குப் போய்வருகிறார்.
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனுக்குத் தெரியாது.
சட்டம் கேட்பதும் அதைத்தான்.
உறையில் இருக்கணும், எடுத்துக் காட்டக் கூடாது,
கல்யாண ஊர்வலத்துக்குக் கூடாது, தேர்க் கூட்டத்துக்குக் கூடாது,
லைசென்ஸில் எழுதிய எல்லையைத் தாண்டக் கூடாது.
ஒரு கூடாதையும் மீறாத மனுஷர்.

தோட்டாவை எண்ணினேன்.
வாங்கியது இருபத்தைந்து.
மேஜையில் இருபத்துநான்கு.

மூட்டைக்குக் கால் கிலோ குறைந்தால்
ராத்திரியோடு ராத்திரியாகப் பேரேட்டைப் புரட்டுகிற ஆள்
என் பேனா முனையைப் பார்த்தார்.
"நானும் தேடிட்டேன்."
சுட்டிருக்க மாட்டார்.
சுட்டிருந்தால் புதுவயலே சொல்லியிருக்கும்.
கடைசிக் கட்டத்தில், குறிப்பு என்ற தலைப்பின் கீழ்,
'ஒன்று குறைவு. விளக்கம் கோரப்பட்டது' என்று எழுதினேன்.
ரசீதை மடித்து அதே பைக்குள் வைத்துக்கொண்டார்.
படியிறங்கும்போது வலது கை
இல்லாததை அமுக்கிப் பார்த்தது.
கேட்டுக்குப் போவதற்குள் இரண்டு தடவை.

மூன்றாம் நாள் உச்சிப் பொழுதில்
ஸ்டேஷன் காலியாக இருக்கும் நேரம் பார்த்து
ஓர் ஆச்சி வந்தார்.
"தேனம்மை. மில்லுக்காரக வீடு."
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார்.
ஏலக்காய் வாசனையோடு உருண்டு வந்தது
இருபத்தைந்தாவது.

"நாந்தான் எடுத்தேன், தை மாசம்.
பேங்க்குக்காரக வந்து மில்லுல நோட்டீஸ் ஒட்டுன ராத்திரி
அவுக இதைத் தொடச்சாக. தொடச்சுக்கிட்டே இருந்தாக.
திருடனுக்குத் தொடைக்கிற மாதிரி எனக்குத் தெரியல.
ஆறையும் எடுத்தாக் கண்டுபிடிச்சுருவாகள்ல.
ஒண்ணுதான் எடுத்தேன்.
டப்பாவுல இருந்து வேற போட்டுருப்பாக, தெரியும்.
இருந்தாலும்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.
"எலெக்சன் முடிஞ்சாத் திருப்பிக் குடுத்துருவீகளா?"
"ரிசல்ட் வந்து ஒரு வாரத்துல."
"குடுக்காம இருக்க சட்டத்துல எடம் இருக்கா?"

இருக்கிறது.
எழுத்துமூலம் மனுத் தர வேண்டும்.
விசாரணை வரும். நோட்டீஸ் அவருக்குப் போகும்,
மனுதாரர் பெயரோடு.
ஆச்சி காலிக் கைக்குட்டையை
மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டு போனார்.

ரிசல்ட் வந்தது. யாரோ ஜெயித்தார்கள்.
ஒற்றைக்குழல் பேங்க்குக்குப் போனது,
நாட்டுத் துப்பாக்கி பன்றி இல்லாத காட்டுக்கு.
வயிரவன் ரசீதோடு வந்தார்.
ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினேன்.
'ஒன்று குறைவு' அப்படியே இருந்தது.
அந்த ஒன்று
மேஜை டிராயரில், ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்குள்,
என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

"கணக்கு நேராகலை சார். இன்ஸ்பெக்டர் லீவு.
திங்கட்கிழமை வாங்க."
சரி என்றார்.
கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னார்.

அதற்குப் பிறகு
நாலு திங்கட்கிழமை போய்விட்டது.